நடுவழியில் பேருந்து நின்றுவிட்டால்: பயணிகளின் பாதுகாப்பும் உரிமையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேருந்து பழுதாகி நிற்பது பெரும்பாலும் தாமதத்தோடும் எரிச்சலோடும் முடிந்துவிடும். ஆனால் வேகமாக வண்டிகள் போகும் சாலையில், அதுவும் இருட்டில், நின்றுபோன பேருந்தைப் போல ஆபத்தான இடம் குறைவு. அதனால் இந்தப் பக்கத்தில் உயிர் முதலில் வருகிறது, டிக்கெட் பணம் பிறகு வருகிறது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், சட்டம் வரும் இடங்களில் எந்த நாட்டுச் சட்டம் என்று சொல்லியிருக்கிறோம். மற்றவை எங்கும் பொருந்தும்.

பேருந்து நின்றதும் இறங்கிவிட வேண்டுமா, உள்ளேயே இருக்க வேண்டுமா?

வண்டி எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். சாலையை விட்டு முழுதாக ஒதுங்கி, நிறுத்துமிடத்திலோ பெட்ரோல் பங்க்கிலோ நின்றால் உள்ளேயே இருக்கலாம். புகையோ கருகல் வாடையோ இல்லாத வரை அவசரமே இல்லை.

வண்டிகள் ஓடும் பாதையில் பாதி உடம்பை நீட்டிக்கொண்டு நின்றாலோ, விரைவுச் சாலையின் ஓரப் பட்டையில் நின்றாலோ கதை வேறு. சாலை ஓரத்தில் தடுப்புக் கம்பி இருந்து, அதைத் தாண்டிப் போய் நிற்க இடமும் இருந்தால், இறங்குவதுதான் நல்லது. வண்டிகள் போகாத பக்கத்துக் கதவு வழியாக மட்டும் இறங்குங்கள்.

பாலத்தின் மேலோ, ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் பள்ளமும் உள்ள குறுகலான பாதையிலோ நின்றால் இறங்கியும் ஒதுங்க இடமிருக்காது. அப்போது உள்ளேயே இருந்து சீட் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். கடைசி வரிசைகளைக் காலி செய்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்காருங்கள். பின்னாலிருந்து வண்டி மோதினால் முதலில் நசுங்குவது அந்த வரிசைகள்தான்.

டிரைவர் ஏதாவது சொன்னால் அதைக் கேளுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால், "அண்ணே, நாங்கள் இறங்கிக்கொள்ளலாமா, எந்தப் பக்கம் நிற்பது?" என்று நீங்களே கேளுங்கள். அவர் அந்த நேரத்தில் எஞ்சினைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார். நாற்பது பேரைப் பற்றி நினைவூட்ட யாராவது வேண்டும்.

இறங்கியபின் எங்கே நிற்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

2021 ஜூலை மாத இறுதியில் ஓர் இரவு, உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி மாவட்டத்தில், தொழிலாளர்களை ஊருக்கு ஏற்றிச் சென்ற பேருந்து நெடுஞ்சாலையில் பழுதாகி நின்றது. பழுதைச் சரிசெய்ய நேரமாகும் என்பதால் பலர் இறங்கி, பேருந்தின் அருகிலேயே சாலையில் படுத்துத் தூங்கிவிட்டார்கள். பின்னால் வந்த லாரி நின்றிருந்த பேருந்தில் மோதியது. குறைந்தது 18 பேர் இறந்தார்கள். 2023 செப்டம்பரில் திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே, சுற்றுலா முடிந்து திரும்பிய வேன் பஞ்சராகி நின்றது. இறங்கிய பெண்கள் வேனுக்கு முன்னால், சாலையின் நடுத்திட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த சரக்கு வண்டி வேனில் மோத, வேன் அவர்கள் மேல் பாய்ந்தது. 7 பெண்கள் உயிரிழந்தார்கள்.

இரண்டிலும் நடந்தது ஒன்றேதான். பின்னால் வந்த வண்டி நின்ற வண்டியை மோதியது, நின்ற வண்டி ஆட்களை மோதியது. நிற்கும் பேருந்து சுவர் போல நம்மைக் காக்கும் என்று மனசு சொல்லும். அதன் முன்னால்தான் ஹெட்லைட் வெளிச்சம் இருக்கும், பகலில் நிழலும் இருக்கும், பேச்சுத் துணையும் அங்கேதான் சேரும். ஆனால் மோதல் நடந்தால் பேருந்து போகும் திசை அதுதான்.

ஆகவே பேருந்துக்கு முன்னால் நிற்காதீர்கள். பின்னாலும் ஒட்டி நிற்காதீர்கள். அடியில் நிழலுக்கு ஒதுங்குவது கூடவே கூடாது. நடுத்திட்டு உட்காரும் இடமல்ல. தடுப்புக் கம்பியைத் தாண்டி, சாலையிலிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி, வண்டிகள் வரும் திசையில் பேருந்துக்குச் சற்றுப் பின்தள்ளி நில்லுங்கள். அங்கே நின்றால் பேருந்து உந்தப்பட்டாலும் உங்களை விட்டு விலகித்தான் போகும். கம்பிக்கு அப்பால் இருட்டாக இருந்தால், காலை வைக்குமுன் பள்ளமோ சாக்கடையோ இருக்கிறதா என்று செல்போன் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காட்சியும் எல்லோரும் பார்த்ததுதான். டயர் மாற்றும்போது ஐந்தாறு பேர் சுற்றி நின்று டார்ச் அடித்துக்கொண்டும் யோசனை சொல்லிக்கொண்டும் இருப்பார்கள். அத்தனை பேரின் முதுகும் சாலைப் பக்கம் இருக்கும். வெளிச்சம் பிடிக்க ஒருவர் போதும். மற்றவர்களைக் கம்பிக்கு அப்பால் அனுப்புங்கள்.

எச்சரிக்கை முக்கோணத்தை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும்?

எச்சரிக்கை முக்கோணம் என்பது நின்ற வண்டிக்குப் பின்னால் சாலையில் வைக்கும், வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு முக்கோணம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுபவர் பார்த்து, புரிந்து, பிரேக்கை மிதித்து, பாரத்தோடு வண்டி நிற்பதற்குள் சுமார் 90 மீட்டர் ஓடியிருக்கும். வளைவு, மழை, தூக்கக் கலக்கம் எல்லாம் இதற்கு மேல். பேருந்தின் பின்புறத்தை ஒட்டி நாலடியில் வைக்கும் முக்கோணத்தால் பயனில்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

பிரிட்டனின் சாலை விதிக் கையேடு சாதாரணச் சாலையில் குறைந்தது 45 மீட்டர் பின்னால் வைக்கச் சொல்கிறது. விரைவுச் சாலையில் வைக்கவே வேண்டாம் என்கிறது, ஏனென்றால் வைக்கப் போகிறவர் அடிபடுவார். இது டிரைவர், கண்டக்டர் செய்ய வேண்டிய வேலை. பயணியாக நீங்கள் செய்யக்கூடியது, நாலு இண்டிகேட்டரும் எரிகிறதா, முக்கோணம் வைத்தாகிவிட்டதா என்று கேட்பது. மரக்கிளையையும் கல்லையும் சாலையில் போடுவது பழைய பழக்கம். இருட்டில் அவை தெரியாது, பைக்கில் வருபவரைக் கவிழ்த்துவிடும். வண்டி கிளம்பியபின் அவற்றை எடுத்துப் போடவும் ஆள் இருக்காது.

புகை வருகிறது, ரப்பர் கருகும் வாடை அடிக்கிறது. என்ன செய்வது?

உடனே எல்லோரும் இறங்க வேண்டும். பையை எடுக்க வேண்டாம். காரணம் தெரிந்த பிறகு இறங்கலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

பேருந்தில் தீ பெரும்பாலும் எஞ்சின் பகுதியிலோ சக்கரப் பகுதியிலோ தொடங்கும். பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு உரசினாலோ, சக்கர பேரிங்கில் கிரீஸ் இல்லாவிட்டாலோ அங்கே சூடேறி டயர் பற்றிக்கொள்ளும். 2005 செப்டம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ரீட்டா புயலுக்கு அஞ்சி முதியோர் இல்லத்தவர்களை வெளியேற்றிச் சென்ற பேருந்தில் இதுதான் நடந்தது. பின்சக்கரத்தின் நடுப்பகுதி சிவப்பாகப் பழுத்திருப்பதைப் பக்கத்தில் வந்த வண்டிக்காரர் பார்த்துச் சொன்ன பிறகே பேருந்து நின்றது. 23 பேர் இறந்தார்கள். நடக்க முடியாதவர்களை இறக்குவதற்குள் புகை நிரம்பிவிட்டது. பேரிங்கில் போதிய மசகு இல்லாததுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. பக்கத்தில் போகும் வண்டிக்காரர் கையைக் காட்டிக் கத்தினால் அலட்சியம் செய்யாதீர்கள், டிரைவரிடம் சொல்லுங்கள்.

டயரில் பற்றிய தீயைக் கையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலால் அணைக்க முடியாது. குறைந்தது 100 மீட்டராவது விலகிப் போங்கள். சூடான டயர் வெடிக்கும்.

புகை உள்ளே வந்துவிட்டால் குனிந்து நகருங்கள், நல்ல காற்று கீழேதான் இருக்கும். ஸ்லீப்பர் பேருந்தில் திரை மூடித் தூங்குபவர்கள் இருப்பார்கள். போகிற வழியில் ஒவ்வொரு படுக்கையையும் தட்டிக் கத்தி எழுப்பிக்கொண்டே போங்கள்.

கதவு திறக்கவில்லை. கண்ணாடியை எப்படி உடைப்பது?

காற்றழுத்தத்தில் இயங்கும் கதவுக்கு மேலேயோ பக்கத்திலேயோ சிவப்பு நிறத்தில் அவசரத் திருகு இருக்கும். அதைத் திருப்பினால் காற்று இறங்கிவிடும், பிறகு கதவைக் கையால் தள்ளித் திறக்கலாம். பயணம் தொடங்கும்போதே அது எங்கே இருக்கிறது, அவசரக் கதவு எந்தப் பக்கம், சுத்தியல் கொக்கியில் இருக்கிறதா என்று ஒரு முறை கண்ணை ஓட்டிவிடுங்கள். சுத்தியல் இல்லை என்றால் கிளம்புமுன்பே கேட்பது உங்கள் உரிமை.

பக்கவாட்டுக் கண்ணாடியை நடுவில் அடிக்காதீர்கள். மூலையில், ஓரத்தை ஒட்டி, கூர்முனையால் ஓங்கி அடித்தால் பொடிப்பொடியாக உதிரும். முன்பக்கப் பெரிய கண்ணாடி வேறு வகை. நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, விரிசல் விடுமே தவிர உதிராது. அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். கூரையில் திறப்பு இருந்தால் அதுவும் ஒரு வழி, குறிப்பாக வண்டி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால்.

ஏசி நின்றுவிட்டது, ஜன்னலும் திறக்காது. எவ்வளவு நேரம் உள்ளே இருக்கலாம்?

வெயிலில் அடைத்த பேருந்துக்குள் சூடு வேகமாக ஏறும். மணிக்கணக்கு வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். கதவையும் கூரைத் திறப்பையும் உடனே திறக்கச் சொல்லுங்கள். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள் முதலில் காற்றுக்கு வரட்டும். இன்சுலின் போன்ற மருந்துகள் டிக்கியில் இருந்தால், வேறு வண்டிக்குக் காத்திருக்காமல் அப்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரயில் பாதையிலோ வெள்ளத்திலோ மின்கம்பி மேலோ மாட்டிக்கொண்டால்?

ரயில் பாதையில் வண்டி நின்றால், ரயில் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எல்லோரும் அந்த நொடியே இறங்க வேண்டும். தண்டவாளத்தை விட்டு விலகி, ரயில் வரும் திசையை நோக்கிச் சாய்வாக ஓடுங்கள். மோதலில் இரும்புத் துண்டுகள் ரயில் போகும் திசையில்தான் சிதறும்.

அறுந்த மின்கம்பி பேருந்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் இதற்கு நேரெதிர். உள்ளேயே, இரும்பைத் தொடாமல் இருங்கள். ஒரு கால் தரையிலும் ஒரு கை பேருந்திலும் படும் அந்தக் கணத்தில்தான் உயிர் போகும். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால், இரண்டு காலையும் சேர்த்து, பேருந்தைத் தொடாமல் குதித்து, காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து விலகுங்கள்.

ஓடும் வெள்ளத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி கிளப்பிப் பார்ப்பதில் நேரத்தைக் கடத்த வேண்டாம். தண்ணீர் ஏறுகிறதா என்பதை மட்டும் பாருங்கள். ஏறினால் உயரமான இடத்துக்கு, கூரைக்காவது, போக வேண்டும்.

மலைப்பாதையில் நின்றால் சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ கொடுத்தபின் இறங்குங்கள். இறங்கியபின் சரிவின் கீழ்ப்பக்கம் நிற்காதீர்கள்.

தள்ளிவிடச் சொல்கிறார்கள். தள்ளலாமா?

நெடுஞ்சாலையில் வேண்டாம். ஏர் பிரேக் உள்ள வண்டியில் காற்று இறங்கிவிட்டால் சக்கரம் தானாகவே பூட்டிக்கொள்ளும், ஐம்பது பேர் தள்ளினாலும் அசையாது. தள்ளுபவர்கள் நிற்கும் இடமோ பேருந்தின் முதுகுப் பக்கம், மேலே சொன்ன ஆபத்தான இடம்.

சரிசெய்துவிட்டார்கள். அதே பேருந்தில் மறுபடி ஏறலாமா?

என்ன பழுது என்று கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். பஞ்சராகி ஸ்டெப்னி மாட்டியது, பெல்ட் அறுந்து புதிது போட்டது என்றால் ஏறலாம். பிரேக்கில் காற்று நிற்கவில்லை, ஸ்டியரிங் இழுக்கிறது, டீசல் ஒழுகுகிறது, வயர் கருகியது என்றால், "மெதுவாக ஓட்டிப் போய்விடலாம்" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். பணிமனை ஆள் பார்த்துச் சொல்லாமல் அந்த வண்டி பயணிகளோடு நகரக் கூடாது.

பலரும் கவனிக்காத இன்னொரு விஷயம் டிரைவரின் களைப்பு. மூன்று மணி நேரம் எஞ்சினோடு மல்லுக்கட்டிய மனிதர், விட்ட நேரத்தைப் பிடிக்க வேகமாக ஓட்டுவார். இந்தியச் சட்டப்படி ஒரு நாள் வேலை நேரம் 8 மணி. ஐரோப்பிய விதிகளில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். பழுது பார்த்த நேரம் ஓய்வாகாது. மாற்று டிரைவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால், "தாமதம் ஆனது ஆகட்டும், பதறாமல் ஓட்டுங்கள்" என்று பயணிகளே சேர்ந்து சொன்னால் அவர் மேல் இருக்கும் அழுத்தம் பாதி குறையும். அவரைத் திட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. வண்டியைப் பராமரிக்காதது அவர் குற்றமாக இருப்பது அபூர்வம். அந்தக் கோபத்தை நிறுவனத்துக்கு எழுதும் புகாரில் காட்டுங்கள்.

யாரை அழைப்பது?

இந்தியாவில் எல்லா அவசரத்துக்கும் 112. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. ரோந்து வண்டி, இழுவை வண்டி, ஆம்புலன்ஸ் மூன்றையும் அங்கே கேட்கலாம். இலங்கையில் காவல்துறைக்கு 119, ஆம்புலன்ஸுக்கு 1990. சிங்கப்பூரில் காவல்துறைக்கு 999, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 995. மலேசியாவில் 999. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112.

பேருந்து சாலையை அடைத்துக்கொண்டு நின்றாலே அழைக்கலாம், யாருக்காவது அடிபடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்தச் சாலை, எந்த ஊரைத் தாண்டி, எந்தத் திசையில், கிலோமீட்டர் கல்லில் என்ன எண், எத்தனை பேர் என்று சொல்லுங்கள். இரவில் தனியாகப் பயணிக்கும் பெண்கள் யாரும் கூட்டத்தை விட்டுத் தனியாக லிஃப்ட் கேட்டுப் போக வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்வது கூட இருக்கும் எல்லோரின் பொறுப்பு.

மாற்றுப் பேருந்து தர வேண்டியது நிறுவனத்தின் கடமையா?

நீங்கள் பணம் கொடுத்தது ஊர் போய்ச் சேருவதற்கு. அதை முடித்துத் தரும் பொறுப்பு நிறுவனத்துடையது. இதை எவ்வளவு தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதில்தான் நாடுகள் வேறுபடுகின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 181/2011 எண் ஒழுங்குமுறை 2013 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. 250 கிலோமீட்டரும் அதற்கு மேலும் போகும் வழக்கமான சேவைகளில், பேருந்து வழியில் ஓட முடியாமல் போனால், நின்ற இடத்துக்கே வேறு வண்டி அனுப்ப வேண்டும், அல்லது பயணத்தைத் தொடர வசதியுள்ள காத்திருப்பு இடத்துக்கோ நிலையத்துக்கோ கொண்டுசேர்க்க வேண்டும் என்கிறது. பயணிகளை நடுச்சாலையில் விடக் கூடாது என்பதைச் சட்டமாகவே எழுதிய இந்த வாசகம் எல்லா நாட்டிலும் வர வேண்டும்.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் போக்குவரத்தைச் சேவை என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. பாதியில் நின்ற பயணம் சேவைக் குறைபாடு என்று வாதிட அது போதும். அரசுப் பேருந்துகளில், அதே கழகத்தின் அடுத்த வண்டியில் கண்டக்டர் ஏற்றிவிடுவது வழக்கம். மறுபடி டிக்கெட் எடுக்கச் சொன்னால் முதல் டிக்கெட்டைக் காட்டுங்கள். எந்த நிலையிலும் டிக்கெட்டைப் படம் எடுக்காமல் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.

காத்திருந்து பார்த்துவிட்டு டாக்சியில் போய்விட்டேன். அந்தச் செலவைக் கேட்கலாமா?

கேட்கலாம். கிளம்புமுன், மாற்று வண்டி எப்போது வரும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும். ஒரு குறுஞ்செய்தி போதும். பதில் வரவில்லை என்பதும் சாட்சிதான். விமானத்தைத் தவறவிட்டது, தேர்வுக்குப் போக முடியாமல் போனது போன்ற இழப்புகளை நிரூபிப்பது கடினம். கட்டணத்தைத் திரும்பப் பெறுவது ஒப்பீட்டளவில் எளிது. அதனால் இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

சாட்சிக்கு டிக்கெட், பேருந்தின் பதிவு எண் தெரியும் படம், நின்ற இடமும் நேரமும், பேசிய ஊழியரின் பெயர், டாக்சி ரசீது ஆகியவை வேண்டும். பக்கத்து இருக்கைக்காரர்கள் ஒன்றிரண்டு பேரின் எண்ணை வாங்கிக்கொள்வதும் உதவும். பத்துப் பேர் சேர்ந்து கொடுக்கும் புகாரை ஒதுக்கித் தள்ளுவது கடினம்.

ஆப்பில் பதிவு செய்தேன். அவர்கள் பேருந்து நிறுவனத்தைக் கை காட்டுகிறார்கள், நிறுவனம் அவர்களைக் கை காட்டுகிறது.

இருவருக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள். பிறகு புகார் கொடுக்கும்போது இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம். யார் எவ்வளவு பொறுப்பு என்பதை, இந்தியாவில் என்றால், நுகர்வோர் குறைதீர் ஆணையம் முடிவு செய்யும்.

புகார் கொடுக்க எவ்வளவு காலம் இருக்கிறது?

இந்தியாவில் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். பல சின்னத் தொகைகள் அங்கேயே பேசி முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். பேருந்து எங்கே நின்றிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, பேருந்து டிக்கெட் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். வக்கீல் கட்டாயமில்லை, இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பயணம் நடந்த 3 மாதத்துக்குள் முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுக்க வேண்டும். ஏற்கிறார்களா, மறுக்கிறார்களா, பரிசீலனையில் இருக்கிறதா என்று 1 மாதத்துக்குள் அவர்கள் தெரிவிக்க வேண்டும். இறுதிப் பதில் 3 மாதத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் அந்த நாட்டில் இதற்கென நியமிக்கப்பட்ட அமைப்புக்கு எழுதலாம்.